எழுத்தின் ஒலி எல்லோருக்கும் பொது

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் நகரங்களின் சுவர்களிலும் கைப்பேசித் திரைகளிலும் ஒரு விளம்பரம் தவறாமல் தென்படுகிறது: ஃபோனிக்ஸ் வகுப்புகள், நான்கு வயது முதல். சில மாதப் பயிற்சிக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்டணம். பெற்றோரைக் குறைசொல்வதற்கில்லை. தம் குழந்தை ஆங்கிலத்தைத் தடுமாறாமல் படிக்க வேண்டும் என்று அவர்கள் விரும்புவது இயல்பு. ஆனால், பள்ளியின் முதல் வகுப்பில் நடந்தேற வேண்டிய முதல் வேலை, பள்ளிக்கு வெளியே தனிச் சரக்காக விற்கப்படுகிறது. வாங்க இயலாதவர்களின் குழந்தைகளுக்கு அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்ற கேள்வியைப் பொருளாதாரம் படித்த என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த ஆண்டுகளில், பாடநூலின் ஒரு பத்தியை உரக்கப் படிக்கும்படி மாணவர்களைக் கேட்பது என் வழக்கம். தமிழ்வழியில் பயின்று வந்த இளைஞர்கள் சிலர், தமிழ்ப் பத்தியையே எழுத்துக்கூட்டித்தான் படித்தார்கள். அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். வாய்மொழியாக விளக்கினால் தேவை, அளிப்புக் கோட்பாடுகளை உடனே பற்றிக்கொள்வார்கள். தம் ஊர்ச் சந்தையிலிருந்து பொருத்தமான எடுத்துக்காட்டும் தருவார்கள். வாசிப்பு மட்டுமே அவர்களுக்குச் சுமையாக இருந்தது. பதினெட்டு வயதில் வெளிப்படும் இந்தச் சுமையின் வேர் ஆறு வயதில் இருக்கிறது.

ஃபோனிக்ஸ் என்பது புதிரான கலை அன்று. எழுத்தின் பெயரைக் கற்பிக்காமல் எழுத்து குறிக்கும் ஒலியைக் கற்பிப்பது, அந்த ஒலிகளை ஒன்றோடொன்று சேர்த்துச் சொல்லாக்கப் பழக்குவது, எளிய ஒலிகளிலிருந்து கடினமானவற்றை நோக்கித் திட்டமிட்ட வரிசையில் செல்வது ஆகிய மூன்றும்தான் அதன் சாரம். 'சி, ஏ, டி' என்று எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் பூனையைக் குறிக்கும் 'கேட்' என்ற சொல் பிறக்காது. 'க், ஏ, ட்' என்று ஒலிகளைக் கோத்தால் பிறந்துவிடும். இதனை ஒலிவழி வாசிப்பு என்று தமிழில் சொல்லலாம்.

இவ்வளவு எளிய செய்தி மேலை நாடுகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கடும் விவாதத்துக்கு உள்ளானது. 1955இல் ருடால்ஃப் ஃபிளெஷ், அமெரிக்கப் பள்ளிகள் ஒலியைக் கைவிட்டுச் சொற்களின் உருவத்தை மனப்பாடம் செய்யவைப்பதாகக் குற்றஞ்சாட்டி எழுதிய நூல் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. 1967இல் ஜீன் சால், அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, தொடக்கத்தில் ஒலியை முறைப்படி கற்பிப்பதே மேலானது என்ற முடிவுக்கு வந்தார். ஆயினும், நல்ல கதைகளின் நடுவே வளரும் குழந்தை பேசக் கற்றதுபோலப் படிக்கவும் தானே கற்றுக்கொள்ளும் என்ற கருத்து பின்னர் வகுப்பறைகளில் செல்வாக்குப் பெற்றது. பேச்சு இயற்கையாக வருவது. எழுத்து மனிதர் கண்டுபிடித்த குறியீடு. குறியீட்டை யாராவது சொல்லித்தர வேண்டும். அமெரிக்க அரசு அமைத்த தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டு அளித்த அறிக்கையில், ஒலியுணர்வு, எழுத்து-ஒலித் தொடர்பு, சரளம், சொல்வளம், பொருளுணர்தல் என்ற ஐந்தும் வாசிப்புக்குத் தேவை என்று வரையறுத்தது.

இங்கிலாந்து இதனை நாடு தழுவிய கொள்கையாக்கியது. 2006இல் ஜிம் ரோஸ் அளித்த அறிக்கைக்குப் பின் ஒலிவழிக் கற்பித்தல் அங்கே பொதுமுறையானது. 2012 முதல், ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் ஒவ்வொருவரும் ஆசிரியர் முன் தனியாக அமர்ந்து 40 சொற்களைப் படித்துக்காட்ட வேண்டும். அவற்றுள் 20 பொருளற்ற, புனைந்துருவாக்கிய சொற்கள். இதைக் கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு. ஆனால், அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பழகிய சொல்லைக் குழந்தை நினைவிலிருந்து சொல்லிவிடலாம். இதுவரை பார்த்தே இராத சொல்லை, எழுத்தின் ஒலியை அறிந்தால்தான் படிக்க முடியும். முதல் ஆண்டில் 58 விழுக்காட்டினர் உரிய தரத்தை எட்டினர். 2019இல் அது 82 விழுக்காடானது. பெருந்தொற்றுக் காலத்தில் சரிந்து, 2024இல் 80 விழுக்காட்டுக்கு மீண்டது.

இதைவிட நமக்கு நெருக்கமான பாடம் அமெரிக்காவின் மிசிசிப்பியில் இருக்கிறது. அந்நாட்டின் மிக வறிய மாநிலங்களுள் ஒன்று அது. நான்காம் வகுப்பு வாசிப்பில் நெடுங்காலம் கடைசி வரிசையில் நின்றது. 2013இல் ஒரு சட்டம் இயற்றி, தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு வாசிப்பு அறிவியலில் பயிற்சி அளித்தது. பின்தங்கிய பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்களை அனுப்பியது. பின்தங்கும் குழந்தைகளைத் தொடக்கத்திலேயே அடையாளம் கண்டது. 2019இல் அதன் நான்காம் வகுப்பு மதிப்பெண் தேசிய சராசரியைத் தொட்டது. மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாதவர்களை அதே வகுப்பில் நிறுத்திவைக்கும் விதியும் அந்தச் சட்டத்தில் உண்டு. முன்னேற்றத்தில் அதன் பங்கு எவ்வளவு என்பது குறித்து ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. எனினும், வறுமை நீங்கிய பிறகுதான் வாசிப்பு வரும் என்று காத்திருக்கத் தேவையில்லை என்பதை அந்த மாநிலம் காட்டியிருக்கிறது.

மறுதரப்பையும் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் ஒலிப் பயிற்சிக்கு அளவுமீறிய இடம் தரப்பட்டுவிட்டது, வாசிப்பின் இன்பமும் பொருளும் பின்னுக்குத் தள்ளப்பட்டன என்று அந்நாட்டுக் கல்வியாளர்கள் சிலர் வாதிடுகின்றனர். அதில் நியாயம் உண்டு. 1986இல் ஃபிலிப் காஃப், வில்லியம் டன்மர் ஆகிய இருவரும் முன்வைத்த கருத்து இங்கே உதவும். எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசிப்பு என்றனர் அவர்கள். இது கூட்டல் அன்று, பெருக்கல். இரண்டில் ஒன்று சுழியமானால் விடையும் சுழியம்தான். ஒலிப் பயிற்சி போதும் என்பவர்களுக்கும், அது வேண்டாம் என்பவர்களுக்கும் இந்த எளிய கணக்கே பதில்.

இவையெல்லாம் ஆங்கிலத்தின் சிக்கல். ஒலிப்பதுபோலவே எழுதப்படும் தமிழுக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான், ஆங்கிலத்தின் 26 எழுத்துகள் ஏறத்தாழ 44 ஒலிகளைச் சுமந்து தடுமாறுவதுபோலத் தமிழ் எழுத்துகள் தடுமாறுவதில்லை. ஆனால், எழுத்துமுறை ஒழுங்காக இருப்பதால் மட்டும் கற்றல் தானே நிகழ்ந்துவிடாது. ஒழுங்கான எழுத்துமுறை கொண்ட இந்திய மொழிகள் பலவற்றில் குழந்தைகள் படிக்கும் நாடு நம்முடையது. ஊரகப் பகுதிகளில் நடத்தப்படும் ஏசர் ஆய்வின்படி, அரசுப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் தேசிய அளவில் 2018இல் 20.9 விழுக்காடு, 2022இல் 16.3 விழுக்காடு, 2024இல் 23.4 விழுக்காடு. முன்னேற்றம் இருக்கிறது, ஆயினும், நால்வரில் மூவருக்கு இன்னமும் அது கைகூடவில்லை.

தமிழ்நாடும் இதற்கு விதிவிலக்கன்று. எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் எழுதப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்று 2025ஐ இலக்காக வைத்து 2022 சூன் மாதம் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை மாநில அரசு தொடங்கியதே, சிக்கலை அரசு உணர்ந்ததன் அடையாளம். குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல்நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கும் அத்திட்டத்தின் அடிப்படை சரியானது. வயதையும் வகுப்பையும் பாராமல் குழந்தை நிற்கும் படியிலிருந்து தொடங்குவது பயன் தரும் என்பதை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் பிரதம் அமைப்புடன் இணைந்து இந்தியாவில் நடத்திய ஆய்வுகள் நிறுவியுள்ளன. அவர்கள் 2019இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றதில் இத்தகைய ஆய்வுகளுக்கும் பங்குண்டு. எனினும், எந்தப் படியில் நின்றாலும் அடுத்த படிக்குக் குழந்தையை ஏற்றும் முறை எது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

இங்கேதான் தமிழுக்குரிய ஒலிவழி வாசிப்பைப் பற்றி நாம் பேச வேண்டியிருக்கிறது. தமிழில் எழுத்துகள் 247 என்று தொடங்கினாலே குழந்தைக்கு மலைப்பு. உண்மையில் அவற்றின் உள்ளே இருப்பவை 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம். மற்ற 216ம் இவற்றின் சேர்க்கை. 'ம' தெரிந்து, துணைக்கால் என்ன செய்யும் என்பதும் தெரிந்த குழந்தைக்கு 'மா' புதிய எழுத்தன்று. இந்தச் சேர்க்கையின் இரகசியத்தைச் சொல்லித்தராமல் 247 வடிவங்களையும் தனித்தனிப் படங்களாக மனத்தில் ஏற்றச் சொல்வது, பெருக்கல் கற்பிக்காமல் வாய்பாட்டை மட்டும் ஒப்பிக்கச் சொல்வதற்கு நிகர்.

இடர்ப்பாடுகளும் இல்லாமல் இல்லை. 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் உயிரின் குறி முன்னால் நிற்கிறது. ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ', 'கோ' ஆகியவற்றில் குறி இருபுறமும் நிற்கிறது. இடமிருந்து வலமாகப் படிக்கப் பழகும் குழந்தை இங்கே தடுக்கி விழுவது இயல்பு. உகர வரிசையில் 'கு', 'சு', 'து', 'மு' என்று ஒவ்வொன்றும் ஒருவகையாக வளைகிறது. பெரியார் முன்மொழிந்த சீர்திருத்தத்தை 1978இல் அரசு ஏற்று, 'ணை', 'லை', 'னா', 'றா' முதலியவற்றின் பழைய வடிவங்களை நீக்கியபோது குழந்தைகளின் சுமை ஓரளவு குறைந்தது. எஞ்சியிருக்கும் இடங்களைக் கூடுதல் நாள்கள் ஒதுக்கிக் கற்பிக்க வேண்டும். கன்னடக் குழந்தைகளிடம் சோனாலி நாக் மேற்கொண்ட ஆய்வுகள், இத்தகைய எழுத்துமுறைகளை முழுமையாகக் கைவசப்படுத்த ஆண்டுகள் சில பிடிக்கும் என்பதைக் காட்டின. ஆங்கிலத்துக்கு எழுதிய கால அட்டவணையை அப்படியே தமிழுக்குப் பெயர்த்துவைக்க முடியாது என்பதற்கு இது சான்று.

இன்னும் இரண்டு நுட்பங்கள் உண்டு. 'கல்' என்பதில் ஒலிக்கும் ககரம் 'தங்கம்' என்பதில் அவ்வாறு ஒலிப்பதில்லை. 'அகம்' என்பதில் வேறொன்றாகிறது. இது குழப்பமன்று; எழுத்து நிற்கும் இடத்தைப் பொறுத்த ஒழுங்கு. தமிழ் பேசும் குழந்தையின் காது இதை ஏற்கெனவே அறியும். ஆகவே, தனி எழுத்தோடு நின்றுவிடாமல் சொல்லுக்குள் வைத்துக் காட்டினால் போதும். மற்றொன்று, பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையிலான தொலைவு. 'எல' என்று வீட்டில் கேட்டு வளர்ந்த குழந்தை 'இலை' என்று சரியாக ஒலித்த பின்னும், தான் அறிந்த பொருளைத்தான் படித்தோம் என்பதை உணராமல் போகலாம். அந்தப் பாலத்தை ஆசிரியரின் பேச்சும் கதையும்தான் கட்ட வேண்டும். மேலே சொன்ன பெருக்கல் கணக்கின் இரண்டாம் பகுதி இது.

ஒலியிலிருந்து தொடங்குவது நமக்கு இரவல் சிந்தனையன்று. எழுத்தொலிகள் எங்கே, எவ்வாறு பிறக்கின்றன என்று இதழையும் நாவையும் பல்லையும் அண்ணத்தையும் சுட்டி விளக்கத் தொல்காப்பியம் 'பிறப்பியல்' என்று தனி இயலே வகுத்திருக்கிறது. அப்படிப்பட்ட மரபைக் கொண்ட மொழியில், 'ஆனா, ஆவன்னா' என்று பெயர்களைப் பாட்டாக ஒப்பிப்பதே பல காலம் எழுத்தறிவாகக் கருதப்பட்டது. வரிசையாகப் பாடும் குழந்தையிடம் வரிசை மாற்றி ஓர் எழுத்தைத் தொட்டுக் கேட்டால், அது முதலிலிருந்து பாடிக்கொண்டே அந்த இடத்துக்கு வந்துசேர்வதைப் பார்த்திருப்போம். அக்குழந்தைக்குப் பாட்டு தெரியும், எழுத்து தெரியாது.

மாறாக, 'ப', 'ட', 'ம்' என்ற மூன்றை மட்டும் ஒலியோடு கற்பித்த அன்றே 'படம்' என்ற சொல்லைக் குழந்தை தானாகப் படித்துவிடும். 'ட்' சேர்ந்தால் 'பட்டம்'. துணைக்கால் சேர்ந்தால் 'பாடம்', 'மாடம்'. கற்ற எழுத்துகளால் மட்டுமே அமைந்த சின்னஞ்சிறு கதைநூல்கள் கையில் இருந்தால், சில வாரங்களிலேயே தான் படிக்கத் தெரிந்தவன், தெரிந்தவள் என்ற நம்பிக்கை பிறக்கும். வகுப்பறையில் இப்படிக் கற்பிக்கும் ஆசிரியர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அது அவர்களுடைய தனித்திறமையாக நின்றுவிடாமல் ஒவ்வொரு பள்ளியின் நடைமுறையாக வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பொருளாதார நோக்கில் இதன் மதிப்பை அளவிடுவது கடினமன்று. மூன்றாம் வகுப்புவரை குழந்தை படிக்கக் கற்கிறது. அதன்பின் படித்துக் கற்கிறது. முன்னது நிறைவேறாவிட்டால் அடுத்து வரும் அறிவியல், வரலாறு, கணக்கு அனைத்துக்கும் செலவிடும் ஆசிரியர் ஊதியமும் நூல்களும் உரிய பயன் தருவதில்லை. நன்றாகப் படிப்பவர் மேலும் படித்துச் சொல்வளம் பெருக்குவதும், தடுமாறுபவர் படிப்பதையே தவிர்த்து மேலும் பின்தங்குவதும் கூட்டு வட்டிபோல ஆண்டுதோறும் பெருகும். இதை 1986இலேயே கீத் ஸ்டானோவிச் எடுத்துக்காட்டினார். பத்து வயதில் எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள இயலாத நிலைக்குக் 'கற்றல் வறுமை' என்றே உலக வங்கி பெயரிட்டிருக்கிறது.

இந்த வறுமையைக் குறைக்கப் பெருஞ்செலவு தேவையில்லை என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உள்ளது. பெருந்தொற்றுக்குப் பின் தமிழ்நாட்டு ஊரகப் பகுதிகளில் சுமார் 19,000 குழந்தைகளிடம் அபிஜித் சிங், மௌரிசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் ஆய்வு நடத்தினர். பள்ளிகள் மூடப்பட்டதால் ஏற்பட்ட கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதங்களில் மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழக் கால் பங்கு 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்களின் மாலைநேர வகுப்புகளால் விளைந்தது. சிறு மதிப்பூதியத்துக்கு உழைத்த உள்ளூர்ப் பெண்கள் சாதித்தது இது.

சந்தையிடம் இதை விட்டுவிட முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தரத்தை வாங்குபவர் மதிப்பிட முடியாத சரக்கைச் சந்தை ஒழுங்காக வழங்குவதில்லை. ஒரு ஃபோனிக்ஸ் வகுப்பு நல்லதா என்பதைப் பெற்றோர் எவ்வாறு அறிவார்? வண்ண அட்டைகளும் பாட்டுகளும் சான்றிதழும் தரத்தின் அடையாளங்களாகிவிடுகின்றன. விற்பவர்கள் விற்பதும் பெரும்பாலும் ஆங்கிலத்தையே. தமிழை முறையாகப் படிக்கக் கற்ற குழந்தைக்கு, எழுத்து என்பது ஒலியின் குறி என்ற அடிப்படைப் புரிதல் கைவந்துவிடும். அதை ஆங்கிலத்துக்கு இரண்டாம் முறை கற்பிக்க வேண்டியதில்லை. அதன்பின் ஆங்கிலத்துக்கே உரிய ஒலிகளையும் விதிமீறல்களையும் சொல்லித்தந்தால் போதும். அரசுப் பள்ளிகளின் ஆங்கில வகுப்பும் 'ஏ ஃபார் ஆப்பிள்' என்பதோடு நில்லாமல் ஒலியிலிருந்து தொடங்க வேண்டும்.

அரசு செய்யக்கூடியவை சில உள்ளன. முதலாவது, முதல் வகுப்பின் முடிவில் ஒவ்வொரு குழந்தையும் ஆசிரியர் முன் தனியாக அமர்ந்து முப்பது, நாற்பது தமிழ்ச் சொற்களைப் படித்துக்காட்டும் எளிய சோதனை. அவற்றுள் பாதி 'பமிடு', 'தெகலா' போன்ற புனைசொற்களாக இருக்கட்டும். ஒரு குழந்தைக்குப் பத்து நிமிடம் போதும். இரண்டாவது, தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயப் படிப்பில் வாசிப்பு கற்பித்தல் கோட்பாடாக மட்டும் இல்லாமல் செய்முறைப் பாடமாகவும் வேண்டும். மூன்றாவது, ஓராசிரியரும் ஈராசிரியரும் ஐந்து வகுப்புகளைத் தாங்கும் பள்ளிகளில், முதல் வகுப்புக்கு நாள்தோறும் ஒரு மணி நேரமாவது இடையூறில்லாத வாசிப்பு நேரம் உறுதி செய்யப்பட வேண்டும். இணையப் பதிவேடுகளை நிரப்பும் பணியிலிருந்து அந்த ஒரு மணி நேரம் காக்கப்பட வேண்டும். நான்காவது, கற்ற எழுத்துகளால் மட்டும் எழுதப்பட்ட சிறுநூல்கள் குழந்தையின் வீட்டுக்கே செல்ல வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. எந்த அளவீடும் அதிகாரியின் இலக்காக மாறிய மறுகணமே பொய்க்கத் தொடங்கும். நிமிடத்துக்கு இத்தனைச் சொற்கள் என்று மத்திய அரசின் 'நிபுண் பாரத்' இயக்கம் இலக்கு வைத்திருக்கிறது. 'படித்துக்கொண்டிருந்தவர்களிடம்' என்று ஒரே சொல்லாக நீளும் தமிழை, சின்னஞ்சிறு சொற்களால் நடக்கும் மொழிகளின் கோலால் அளந்தால் தவறான விடையே கிடைக்கும். சோதனையின் முடிவைக் கொண்டு குழந்தையை நிறுத்திவைப்பதோ, ஆசிரியரைத் தண்டிப்பதோ, பள்ளிகளைத் தரவரிசைப்படுத்துவதோ கூடாது. எந்தக் குழந்தைக்கு அடுத்த வாரம் உதவி தேவை என்பதை ஆசிரியருக்குச் சொல்வது மட்டுமே அதன் பயன். மாநில அளவிலான நிலையை அறிய, துறைக்கு வெளியே உள்ளவர்கள் மாதிரி ஆய்வாக நடத்துவதும், முடிவு எதுவாயினும் வெளியிடுவதும் நலம். எந்த ஆய்வு சரி என்று ஆண்டுதோறும் அறிக்கைகளால் மோதிக்கொள்வதைவிட இது குழந்தைகளுக்குப் பயன்படும்.

'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் இலக்காண்டு கடந்துவிட்டது. 'நிபுண் பாரத்' வகுத்துள்ள 2026-27 என்ற எல்லையும் தொலைவில் இல்லை. புதிய இலக்காண்டை அறிவிப்பதற்கு முன், பழைய இலக்கை எட்டாத குழந்தைகள் யார், எந்த எழுத்தில், எந்த ஒலியில் நின்றுவிட்டார்கள் என்ற பட்டியல் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும். இன்று மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அடுத்த ஆண்டு நான்காம் வகுப்புப் பாடநூல் கொடுக்கப்படும். அதற்குள் அந்தப் பட்டியலில் இருந்து அதன் பெயரை நீக்கும் பொறுப்பு பள்ளிக்கும் அரசுக்கும் உரியது. பெற்றோரின் பணப்பையைச் சார்ந்து அது அமையக் கூடாது.